வந்துருச்சுன்னு வச்சுக்க

சோறு வருவதற்கு முன்பே தட்டை வைத்துவிடுவார் அக்கா. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, நடுவில் எவர்சில்வர் தட்டு, வலப்பக்கம் தண்ணீர்ச் சொம்பு, இடப்பக்கம் அலைபேசி. சம்மணமிட்டு உட்கார்ந்து, சாப்பாடு கொண்டுவருகிறவரின் வண்டி திரையில் ஒரு புள்ளியாக ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "சாப்பாடு வந்துருச்சாக்கா?" என்று யாராவது கேட்டால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வந்துருச்சுன்னு வச்சுக்க" என்பார்.

அக்கா என்னோடு பிறந்தவர் அல்ல. காரைக்குடியில் நான் ஊட்டச்சத்தியல் முதுகலை படித்தபோது, ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் நான்கு பெண்கள் வாடகைக்கு இருந்தோம். என் அறையில் என்னோடு இருந்தவர் அவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், கணிதத்தில் ஆராய்ச்சி மாணவி. மாடியில் அடுப்பு வைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. முன்பு குடியிருந்தவர்கள் திரைச்சீலையைக் கொளுத்திவிட்டார்களாம். ஆகவே எங்கள் நால்வருக்கும் பெரும்பாலும் அலைபேசி வழியாகத்தான் சோறு வந்தது.

அந்த வெறும் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். மற்ற இருவரும் சிரிப்பார்கள். "பாவம், தட்டுக்குப் பசிக்குது போல" என்பாள் ஒருத்தி. நான் சிரித்ததில்லை. தட்டை வைப்பதற்கு முன்பே அக்கா குளியலறைக்குள் போய், வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்திருப்பார் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்ததுகூடத் தற்செயல்தான். எங்களிடம் குளிர்பதனப் பெட்டி கிடையாது. அறை மூலையில் குடிதண்ணீர்ப் பானை ஒன்று, அதற்குப் பின்னால் ஈரத்துணி சுற்றிய சின்னப் பானை ஒன்று. ஒரு கோடைப் பகலில் தாகத்தில் கை தவறிச் சின்னப் பானைக்குள் டம்ளரை விட்டேன். டங்கென்று எதிலோ பட்டது. தண்ணீருக்குள் ஒரு சிறிய டப்பா, டப்பாவுக்குள் பிளாஸ்டிக் உறையில் பொதிந்த இரண்டு ஊசிப் பேனாக்கள்.

"அத எடுத்த எடத்துல வையி."

வாசலில் அக்கா நின்றிருந்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"அக்கா, இது இன்சுலின்ல?"

"படிச்ச புள்ளைல, கண்டுபுடிச்சிட்ட." உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். "பத்தாப்புப் படிக்கையில வந்துச்சு. எங்க அப்பா, அம்மா, மதுரையில ஒரு டாக்டரு. மூணே பேருக்குத்தான் தெரியும். இப்ப ஒனக்கு. இன்னொரு ஆளுக்குத் தெரிஞ்சா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன், ஆமா."

"இதுல மறைக்க என்னக்கா இருக்கு? நீங்க என்ன தப்பாப் பண்ணீக?"

"எனக்குப் பின்னாடி ரெண்டு தங்கச்சிக நிக்கிறாளுக. மூத்தவளுக்குச் சக்கரைன்னு நாட்டரசன்கோட்டையில ஒரே ஒரு வாய்க்குத் தெரியட்டும், மூணு பேருக்கும் ஒரு பய வாசப்படி ஏற மாட்டான்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

இன்சுலின் போட்டுக்கொண்டால் பின்னாலேயே சோறு உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் அந்த மருந்து சும்மா இருக்காது. இரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் இறக்கிக்கொண்டே போகும். முதலில் கை நடுங்கும், வியர்க்கும். பிறகு பேச்சு குழறும், புத்தி தடுமாறும். பிறகு நினைவு தப்பும். பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆள் இல்லையென்றால் உயிரே போகலாம். பாடப் புத்தகத்தில் நான்கு வரியில் இதைப் படித்து, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அந்த நான்கு வரியும் உயிரும் உடம்புமாக என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, எந்நேரமும் அவர் முகத்தைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நெற்றியில் வியர்வை மினுங்கினால், அது வெயிலா, மருந்தா?

வரப்போவதை வந்ததாகவே எடுத்துக்கொள்வது அவருடைய பிறவிக் குணம். பேருந்து நிறுத்தத்தில், வளைவுக்கு அப்பால் ஹாரன் கேட்டாலே பையைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்குப் போய்விடுவார். வருவது வேறு ஊர்ப் பேருந்தாக இருக்கும். ஆராய்ச்சியில் இரண்டாம் அத்தியாயமே முடியவில்லை, அதற்குள் நன்றியுரையை எழுதி வைத்திருந்தார். அதில் என் பெயரும் இருந்தது. என் முதல் பருவத் தேர்வு முடிவு வருவதற்கு முந்தின நாள், எனக்கு ஒரு கண்டாங்கிச் சேலை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"எதுக்குக்கா?"

"பர்ஸ்ட் மார்க் எடுத்ததுக்கு."

"இன்னும் ரிசல்ட்டே வரலையே!"

"வந்துருச்சுன்னு வச்சுக்க."

வந்தது. முதல் மதிப்பெண்தான். என் அம்மாவும் அப்பாவும் புதுவயலில் அரிசி ஆலையில் வேலை செய்கிறவர்கள். அம்மா களத்தில் நெல் காயவைப்பார், அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றுவார். இருவரும் கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். என்னால் முடியும் என்று என்னை முந்திக்கொண்டு நம்பிய முதல் ஆள் அக்கா. ஆகவே அவர் குணத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைசொல்லாதது மட்டுமல்ல, அதற்குத் தீனியும் போட்டேன்.

அந்த ஆண்டு, மாணவர்கள் செயலி வழியே என்ன வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று எங்கள் துறையில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொருவரிடமும் போய் அலைபேசியைத் திறந்து காட்டச் சொல்லி எழுதுவோம். பரோட்டா, பிரைடு ரைஸ், பிரியாணி, கிரில் சிக்கன், மறுபடி பரோட்டா. "கீரை, பயறு ஏதாச்சும்?" என்று கேட்டால், "அதெல்லாம் ஆப்ல இருக்காக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எழுத எழுத எனக்குப் பயமாக இருக்கும். இருபது வயதுப் பிள்ளைகள், வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது எதுவும் உள்ளே போகவில்லை.

இதே வேலையில் அக்காவுக்காக மட்டும் தனியாக ஒன்று செய்தேன். அவர் அதுவரை இட்லியும் சப்பாத்தியும் மட்டுமே சாப்பிடுவார். எவ்வளவு மாவுச்சத்து, அதற்கு எவ்வளவு மருந்து என்று அவருக்குத் தெரிந்தது அவற்றுக்கு மட்டுந்தான். நான் ஒவ்வொரு கடையின் பரோட்டாவையும் பிரியாணியையும் துறையின் தராசில் வைத்து எடை பார்த்து, எதில் எவ்வளவு மாவுச்சத்து என்று ஓர் அட்டவணை போட்டேன். கடை வாரியாக, வண்ணப் பேனாவில். அதை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தோம்.

"இத்தன வருசம் பட்டினியாக் கெடந்தேன்டி. ஊரையே தொறந்துவிட்டுட்ட நீ" என்றார் அக்கா. அன்று என் கால் தரையில் பாவவில்லை. அட்டவணை இருக்கிற தைரியத்தில் அவர் எல்லாக் கடையிலும் வாங்க ஆரம்பித்தார்.

முதல் முறை பயந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆட்டுக்கறி பிரியாணி சொல்லியிருந்தார். பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியதும் ஊசி போட்டு, தட்டு வைத்து உட்கார்ந்துவிட்டார். திடீரென்று திரையிலிருந்த புள்ளி மறைந்து, கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. அக்கா அலைபேசியைப் பார்த்தார், கூடப் பிறந்தவன் பொய் சொல்லிவிட்ட மாதிரி. நான் படியில் விழுந்தடித்து ஓடி முக்குக் கடையில் நான்கு வாழைப்பழம் வாங்கி வந்தேன். உரிக்க முடியாமல் அவர் விரல்கள் உதறின. தின்றுமுடித்து, மூச்சு சீராகி, "நல்ல பழமாத்தான் பாத்து வாங்கியிருக்க" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சாப்பாடு கைக்கு வந்த பெறகு போடக் கூடாதா?"

"ஊசி போட்டுட்டுக் கால் மணி நேரம் பொறுத்துத்தான் சாப்புடணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. வந்த பெறகு போட்டா, பிரியாணிய முன்னாடி வச்சுக்கிட்டுக் கால் மணி நேரம் நாக்கத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கணும். ஆறிப்போனதத் திங்கவா நான் ஆர்டர் போடுறேன்?"

"வீட்டுல எப்புடிப் பண்ணுவீக?"

"எங்கம்மா ஒரு மணின்னா ஒரு மணிக்கு எலையில சோறு போட்ருவாக. எங்கம்மா ரத்து பண்ண மாட்டாக."

பேரம் பேசினேன். கடைசியில் ஒரு விதி செய்தோம். சரியாகச் சொன்னால், செய்தவள் நான். வண்டி எந்த வழியாக வந்தாலும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி முக்கைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கிருந்து நான்கு நிமிடம். புள்ளி தொட்டி முக்கைத் தாண்டினால் மட்டும் ஊசியைத் தொட வேண்டும், அதற்கு முன் தொடக் கூடாது. "அதுக்கப்பறம் என்ன ஆயிடப் போகுது, நாலே நாலு நிமிசம்" என்றேன். அக்கா என் தலையில் கைவைத்து, "சரிங்க டாக்டரம்மா" என்றார். அதன்பின் சில மாதங்கள் எந்தக் கோளாறும் இல்லை. என் பயம்கூடக் கொஞ்சம் தூங்கத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு வரன் கூடியது. மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் வேலை. ஒரு முறை அவர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது அலைபேசியை என்னிடம் கொடுத்து, "இவதான் என் தங்கச்சி, பேசுங்க" என்றார் அக்கா. நல்ல குரல். "உங்க அக்கா நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன்?

"சொல்லிட்டீகளாக்கா?" என்று பிறகு கேட்டேன்.

"சொல்லிட்டேன்னு வச்சுக்க."

"வச்சுக்கவெல்லாம் முடியாது. சொன்னீகளா, இல்லையா?"

"கல்யாணம் முடியட்டும்டி. அவுகளுக்கு என்னப் புடிச்சுப்போன பெறகு சொன்னா, சொன்ன மாதிரியே இருக்காது."

தேர் வந்தது. அம்மன் கோயில் தேர். மற்ற இரு பெண்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். வடம் பிடிக்கிறேன் என்று வேண்டுதல் வைத்திருந்த என் அம்மா, புதுவயலிலிருந்து வந்திருந்தார். அக்கா வரவில்லை. அத்தியாயம் முடிக்க வேண்டும், பிந்திச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். வாழைப்பழ நாளுக்குப் பிறகு அவசரத்துக்கென்று மேசையில் வாங்கிவைத்திருந்த குளுக்கோஸ் டப்பாவை, கிளம்பும்போது எடுத்து ஆட்டிப் பார்த்தேன். காலி.

"தீந்துருச்சேக்கா?"

"நேத்தே ஆர்டர் போட்டுட்டேன். வந்துருச்சுன்னு வச்சுக்க. நீ போ, அம்மா நிக்கிறாக பாரு."

நான் போனேன்.

பிற்பகல் மூன்றரை மணிக்குத் தேர், தொட்டி முக்குக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவிலிருக்கிற வீதிக்குள் நுழைந்தது. திரும்புகிற இடத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு வடங்கள் வீதியின் நீளத்துக்கும் கிடந்தன, ஆண்களும் பெண்களுமாக ஆயிரம் கைகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு இழுக்கத் தயாராக. நானும் அம்மாவும் வடத்தின் இந்தப் பக்கம். வேர்வையைத் துடைக்கத் திரும்பியபோது, கூட்டத்தின் விளிம்பில், முதுகில் பெரிய சாப்பாட்டுப் பையோடு வண்டியில் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு அடிக்கடி வருகிற அண்ணன்தான்.

"யார் வீட்டுக்குண்ணே?"

"ஒங்க மாடிக்குத்தான் பாப்பா. அந்த ஆராய்ச்சிக்காரப் புள்ளைக்குப் பிரியாணி. தேரு திரும்பாம அங்குட்டு எப்புடிப் போறது?"

"எவ்வளவு நேரமா நிக்கிறீக?"

"இருக்கும், ஒரு இருவது நிமிசம்."

தொட்டி முக்கு அவருக்குப் பின்னால் இருந்தது.

ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. புள்ளி முக்கைத் தாண்டியிருக்கிறது. அக்கா ஊசி போட்டிருப்பார். விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருப்பார். வருடத்தில் ஒரு நாள் அந்த நான்கு நிமிடத்துக்கு நடுவே தேர் நிற்கும் என்பது, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த என் தலையில் உதிக்கவில்லை.

அலைபேசியில் கூப்பிட்டேன்.

"அக்கா, ஊசி போட்டீகளா?"

"தொட்டி முக்கத் தாண்டிருச்சுல்ல." குரல் நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது. "நாலு நிமிசம்னு காட்டுது. ரொம்ப நேரமா... நாலு நிமிசம்."

"கீழ போயி வீட்டுக்காரவுககிட்ட சீனி கேளுங்கக்கா! ஒடனே!"

"அவுக தேருக்குப் போயிட்டாக." சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று தெரியவில்லை. பிறகு பேச்சில்லை. மறுபடி கூப்பிட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. ஆம்புலன்சுக்கும் கூப்பிட்டேன். வண்டி வரும், ஆனால் தேர் வீதி திறந்தால்தான் உள்ளே வர முடியும் என்றார்கள்.

நான் செய்த அடுத்த தப்பை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த அண்ணனின் பையைப் பிடித்து இழுத்தேன். "குடுங்கண்ணே, நான் கொண்டு போறேன்."

"ஆர்டர் போட்டவுக போனுக்கு வந்த கோட் நம்பரச் சொல்லு பாப்பா. சொல்லாமக் குடுத்தா என் ஐடிய முடக்கிருவாக. எனக்கு வீட்டுல நாலு வயிறு இருக்கு."

"அவுகளால பேச முடியலண்ணே!"

"அப்பப் பொறு, தேரு திரும்பிரும்."

பையை அவர் இழுக்க, நான் இழுக்க, நிமிடங்கள் போயின. சர்க்கரை இறங்கியவருக்கு வேண்டியது பிரியாணி அல்ல என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மறந்துபோனது. அம்மா வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"என்னாடி இந்த ஆளோட மல்லுக்கட்டுற?"

அழுதுகொண்டே நான்கு வார்த்தையில் சொன்னேன். வாக்கு அப்போதே உடைந்தது.

"இனிப்புத்தான வேணும்? அதுக்கு எதுக்குடி கறிச்சோறு?" என்று சொல்லிவிட்டு அம்மா எதிரே இருந்த தண்ணீர்ப் பந்தலுக்குப் போனார். தேர் பார்க்க வருகிறவர்களுக்குப் பானகம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், வெல்லம் கரைத்த தண்ணீர். யாரிடமோ இருந்த பாட்டிலைப் பிடுங்கி அண்டாவுக்குள்ளேயே முக்கி எடுத்தார். பிறகு, வேண்டுதலுக்கு வந்த என் அம்மா, இழுபட விறைத்து நின்ற வடத்துக்குக் கீழே குனிந்து புகுந்தார்.

எங்கள் பக்கம் அது யாரும் செய்யாத காரியம். "ஏய், யாரு அவ? வடத்துக்குள்ள பூருறா! கண்ணு தெரியலையா?" என்று ஒருவர் கத்தினார். "சாமி தேரு நிக்கையில குறுக்க போறியே, வெளங்குவியா?" என்றாள் ஒரு கிழவி. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னால் புகுந்தேன். முதுகில் வடம் உரசியது. இன்னும் ஒரு வடம். ஓடினோம்.

கதவு தாழிடாமல் இருந்தது. அக்கா தட்டுக்கு முன்னால் சம்மணமிட்டபடியே சுவரில் சாய்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. நான் பாட்டிலை வாயில் வைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினார்.

"சார்ட்ல... இல்ல."

"அக்கா, குடிங்கக்கா!"

"எத்தன கிராம்? ஒன் சார்ட்ல இது... இல்ல."

அம்மா என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "என்னாத்தா கிராமு? தாயி, வாயத் தொற. இந்தா, முழுங்கு. இன்னொரு வாய்." தாடையைப் பிடித்து, கன்னத்தைத் தட்டித் தட்டி, கொஞ்சங்கொஞ்சமாக. பாதி மார்பில் வழிந்தது. பாதி உள்ளே போனது. நான் சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்து அவர் விரலில் குத்தினேன். திரையில் எண் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று வெறும் இரண்டு எழுத்து மட்டும் வந்தது.

கால் மணி நேரம் கழித்து எண் வந்தது. அதற்குப் பிறகு கண்ணுக்குள் அக்கா வந்தார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவை. கேட்ட முதல் கேள்வி: "இவுகளுக்குச் சொல்லிட்டியா?"

அப்போது வாசல் மணி அடித்தது. தேர் நகர்ந்திருக்கிறது. அந்த அண்ணன் வாசலில் பையோடு நின்றார். கோட் நம்பரை அக்காவே சொன்னார். போகும்போது அவர் என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காத பாப்பா. ஸ்டார் மட்டும் கொறச்சுப் போட்டுறாதீக" என்றார்.

வீதி திறந்ததும் வந்த ஆம்புலன்சில் அக்காவைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, மருத்துவமனையிலிருந்து திரும்பி வருகிற வழியில் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "சோத்தக் கண்ணால பாத்துட்டு ஊசியப் போடுன்னு சொல்றதுக்கு, நீ படிச்ச படிப்புல எடமில்லையாடி?" திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வீடு வந்ததும் நான் அலமாரிக் கதவிலிருந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

அன்று முதல் ஒரு நிபந்தனை வைத்தேன். அக்காவின் செயலிக் கணக்கை என் அலைபேசியிலும் திறந்து வைத்தேன். எப்போது ஆர்டர் போட்டாலும் எனக்கும் தெரியும். வகுப்பில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது வீட்டை அடைந்த பிறகு கூப்பிட்டு, "இப்பப் போடுங்க" என்பேன். மூன்று வாரம் இப்படி ஓடியது. ஆனால் நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் மேசைக்கு அடியில் யார் பார்ப்பார்கள்?

ஒரு நாள் துணிந்து அக்காவின் அம்மாவுக்குப் போன் செய்தேன். தேரன்று நடந்ததைச் சொன்னேன்.

"எம்புள்ள உசுரக் காப்பாத்திருக்க. ஒன் காலுல விழுகணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் இது போயிறக் கூடாதுத்தா. இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார்.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். "நிச்சயத்துக்குள்ள நீங்க சொல்லணும். இல்லாட்டி நான் சொல்லுவேன். அவுக நம்பர் எங்கிட்ட இருக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயம். என்னைப் பார்த்து ஒருவர் பயந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் நான் வகுப்பு முடிந்து வந்தபோது அவர் கட்டில் காலியாக இருந்தது. சின்னப் பானையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். என் அழைப்பு வராதபடி என் எண்ணைத் தடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு எழுதிய செய்தியை நான் ஏழெட்டு முறை அடித்து, அழித்தேன். அனுப்பவில்லை. இரண்டு தங்கைகள் என்று நினைத்தேன். அது நியாயமா, கோழைத்தனமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஆனால் செயலியில் என்னை வெளியேற்ற அவர் மறந்திருந்தார். கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரம், ஒரு மதியம், என் அலைபேசியில் புள்ளி முளைத்தது. கோயம்புத்தூர் வீதிகள். எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. எது பாலம், எது மார்க்கெட், எங்கே எந்தச் சாமி வரும்? புள்ளி நின்றால் என் மூச்சும் நிற்கும். கொடுத்தாகிவிட்டது என்று வந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். இது ஒட்டுக்கேட்பது மாதிரிதான், தெரியும். நிறுத்த முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டுக்கு நான்கைந்து நிமிட தூரத்தில் புள்ளி நின்றது. பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். கை தன்னால் செயலியில் வண்டிக்காரருக்கு அழைப்பை அழுத்தியது.

"சொல்லுங்க மேடம்."

"அண்ணே, எங்க நிக்கிறீக?"

"பாலத்துக்கடியில வண்டி பஞ்சருங்க. தள்ளிட்டு வர்றனுங்க. சித்த பொறுத்துக்குங்க."

"ஓடுங்கண்ணே. அந்த வீட்டுல இருக்கவுகளுக்கு ஒடம்பு சரியில்ல. கதவு தொறக்காட்டிப் பக்கத்து வீட்டத் தட்டுங்க. குடுத்ததும் எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் எதுவும் கேட்கவில்லை. என் எண்ணை வாங்கிக்கொண்டார். நான் துறை வராந்தாவின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புள்ளி நடைவேகத்தில் நகர்ந்தது. ஒரு சந்து. இன்னொரு சந்து. நின்றது. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை.

அலைபேசி அடித்தது.

"குடுத்துட்டனுங்க மேடம்."

"யாருண்ணே வாங்குனாக?"

"ஒரு சின்ன வயசு சாருங்க. நான் போறதுக்கு முன்னாடியே வாசல்ல வந்து நின்னுட்டு இருந்தாரு. பையைப் பிரிச்சுச் சோத்தைப் பாத்துட்டுத்தான், உள்ளார பாத்து, 'இப்ப ஊசி போட்டுக்கலாம்மா'ன்னு சத்தம் குடுத்தாருங்க." மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கேட்டார். "யாருக்குங்க மேடம் ஒடம்பு சரியில்ல? நீங்க அவங்களுக்கு என்ன வேணுமுங்க?"